ஏழாம் கட்டளையும் எடை மேடையும்

எங்கள் வீட்டில் இரண்டு சபை. நான் எலத்தகிரிப் பக்கத்துக் கத்தோலிக்கன். மனைவி கிருஷ்ணகிரி டவுனில் லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவள். ஞாயிற்றுக்கிழமை ஒரே வண்டியில் கிளம்பி, அவளை அவள் கோயிலில் இறக்கிவிட்டு நான் பூசைக்குப் போய்விடுவேன். பெண் பார்க்கப் போன அன்றே மாமனார் சிரித்துக்கொண்டு சொன்னார்: "நீங்க கிரியையால ரட்சிப்பு வாங்குற கூட்டமாச்சே." என் அப்பா விடவில்லை. "நீங்க நம்பிட்டா போதும்னு கையக் கட்டிக்கிற கூட்டமுங்களே" என்றார். இரண்டு பேரும் காபி குடித்தார்கள், கல்யாணம் நடந்தது. ரட்சிப்பு நம்பிக்கையாலா, நற்செயலான கிரியையாலா என்ற அந்தக் கேலி மட்டும் இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிருஷ்ணகிரியில் இந்தக் கேலிக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. அமெரிக்காவின் மிசூரி சினாடு லுத்தரன் சபை இந்தியாவில் வேலையைத் தொடங்கிய இடமே இதுதான். 1895-ல் தியோடர் நேத்தர், ஃபிரான்ஸ் மோன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் இங்கே வந்தார்கள். அதற்கு முன் இருவரும் லைப்சிக் மிஷன் என்ற ஜெர்மன் லுத்தரன் மிஷனில் இருந்தவர்கள். வேதாகமம் எந்த அர்த்தத்தில் பிழையற்ற தேவவசனம் என்ற விவாதத்தில் அந்த மிஷனோடு முறித்துக்கொண்டு வந்தார்கள். அதாவது, கோட்பாட்டில் ஒரு முடிச்சுக்காகப் பிழைப்பையே விட்டவர்கள். 1904-ல் நேத்தர் கிருஷ்ணகிரியில் பிளேக் கண்டு இறந்தார். மனைவியின் வீட்டில் அவர் பேச்சு வந்தால் லைப்சிக் சண்டையை யாரும் எடுப்பதில்லை, பிளேக்கைத்தான் சொல்வார்கள். எதற்காகச் சண்டை போட்டார் என்பது போய்விட்டது. எந்த ஊரில், எந்த நோயில் செத்தார் என்பது நின்றிருக்கிறது. சனங்களின் ஞாபகம் இப்படித்தான் வேலை செய்கிறது. எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

விசுவாசமா, கிரியையா என்ற பழைய வழக்கு உலக அளவில் ஒருவிதமாக ராசியாகிவிட்டது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டன. நம் தகுதியால் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்வதில்லை, அருளால், கிறிஸ்துவின் மேல் வைக்கும் நம்பிக்கையால் ஏற்றுக்கொள்கிறார், நற்செயல்கள் அதைத் தொடர்ந்து வருகின்றன என்பது அதன் சாரம். ஐந்நூறு வருஷத்துச் சண்டையில் பாதிக்கு மேல் அதில் தீர்ந்தது என்கிறார்கள். எங்கள் சாப்பாட்டு மேசைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. பரவாயில்லை. ஆனால் அந்த அறிக்கையில் "தொடர்ந்து வருகின்றன" என்று சுலபமாகச் சொல்லிவிட்ட இடத்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

நான் கணக்கு எழுதுபவன். மாங்காய் மண்டிகள், லாரிக்காரர்கள், ஒன்றிரண்டு மாங்கூழ் ஆலைகளுக்குச் சரக்கு அனுப்பும் ஏஜென்ட்டுகள், இவர்களுக்கு டேலி என்ற மென்பொருளில் கணக்குப் போட்டுக் கொடுத்து ஆடிட்டரிடம் அனுப்புவது என் வேலை. மே கடைசியிலிருந்து ஜூலை வரை தூக்கம் கிடையாது. செந்தூரா, அல்போன்சா, பங்கனபள்ளி என்று வந்தாலும் கூழுக்குப் போகிற பெரிய சரக்கு பெங்களூரா என்று நாங்கள் சொல்கிற கிளிமூக்குதான். பர்கூர், போச்சம்பள்ளி, மத்தூர், ஊத்தங்கரை என்று எல்லாப் பக்கமிருந்தும் டிராக்டரும் டெம்போவும் வரும். என்னிடம் வருகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. கிறிஸ்தவர்களும் கணிசம். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை எங்கே உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியும், திங்கட்கிழமை என்ன எழுதுவார்கள் என்பதும் தெரியும். பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியாருக்குக்கூட முதல் பாதிதான் தெரியும்.

மண்டியில் ஏமாற்று என்றால் வெளியே இருப்பவர்கள் தராசைத்தான் சந்தேகப்படுவார்கள். எடை மேடை பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தொழிலாளர் துறை வருஷத்துக்கு ஒருமுறை பரிசோதித்து முத்திரை போட வேண்டும் என்பது சட்டம். தவிர, எடை மேடை வேறொருவருடையது. அவருக்கு இதில் லாபம் கிடையாது. வண்டி சரக்கோடு ஏறும், ஒரு எடை. இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஏறும், இன்னொரு எடை. கழித்தால் சரக்கு. அதுவரை ஒரு கிலோ பிசகாது.

தப்பு நடப்பது அந்தச் சீட்டுக்கும் மண்டிச் சீட்டுக்கும் நடுவில். மேடைச் சீட்டில் 3,240 என்று இருக்கும். மண்டிச் சீட்டில் 3,050 என்று எழுதுவார்கள். கேட்டால் கழிவு என்பார்கள். காம்பு, பால், அடிபட்டது, வழியில் வற்றியது என்று நியாயமான கழிவு கொஞ்சம் உண்டுதான். மாங்காய் உயிருள்ள சரக்கு, எடை குறையும். ஆனால் அந்த நியாயத்தின் தோளில் ஏறிக்கொண்டு அநியாயமும் வரும். அப்புறம் வந்த எண்ணைக் கீழ்நோக்கிச் சுத்தமாக்குவது: 3,068 என்றால் 3,050. அப்புறம் கமிஷன். அப்புறம் முன்பணம் வாங்கியிருந்தால் அதற்குக் கொஞ்சம். விவசாயி மேடைச் சீட்டைக் கேட்டால் "உள்ள இருக்கு, அப்புறம் வாங்கிக்கலாம்" என்று பதில் வரும். பச்சை மாம்பழத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, ஆகவே பில்லுக்கு வற்புறுத்த யாரும் இல்லை. எழுதுகிற கை யாருடையதோ அவருடைய மனசாட்சிதான் அங்கே சட்டம்.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம், கோபம் என்றே சொல்லலாம். நம் சபைகளில் நடத்தை பற்றிப் பேச்சே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நிறையப் பேசுகிறோம். குடிக்கக் கூடாது, சிகரெட் கூடாது, சினிமா கூடாது. சில சபைகளில் நகை கூடாது, பூ வைக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வராதவன் பேர் தெரியும். குடித்துவிட்டு வீதியில் விழுந்தவனை ஊரே அறியும். மண்டிச் சீட்டில் 190 கிலோவை விழுங்கியவர் அந்தோணியார் திருவிழாவில் தேர் வடத்தை முதலில் பிடிப்பார், யாரும் முகம் சுளிப்பதில்லை. அவர் வேஷக்காரர் என்றும் நான் சொல்ல மாட்டேன். அவருக்குப் பாவத்தின் பட்டியலைக் கொடுத்தது நாம்தான். அதில் கழிவு என்று ஒரு வரி இல்லை. இல்லாத வரியை அவர் எப்படி அறிக்கையிடுவார்?

வேதத்தில் அந்த வரி இருக்கிறது, ரொம்பத் தெளிவாக. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் 11-ம் அதிகாரம் தொடங்குகிறது. ஓய்வுநாள் எப்போது முடியும், எப்போது மரக்காலைச் சின்னதாக்கிக் கோதுமை விற்கலாம் என்று காத்திருந்த வியாபாரிகளை ஆமோஸ் தீர்க்கதரிசி கிழித்துத் தொங்கவிடுகிறார். அவர்கள் ஓய்வுநாளை மீறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆசரித்தார்கள், ஆசரித்துக்கொண்டே கடை திறக்கிற நேரத்தை எண்ணினார்கள்.

மனைவி இதில் தன் கட்சிக்குச் சாதகமான ஆயுதம் ஒன்று வைத்திருக்கிறாள். நம்பினால் போதும் என்றவர் என்று என் அப்பா கேலி செய்த அதே மார்ட்டின் லூதர் 1529-ல் எழுதிய ஞானோபதேசத்தில், களவு செய்யாதே என்ற ஏழாம் கட்டளைக்கு என்ன விளக்கம் கொடுத்தார் என்று எடுத்துப் படித்துக் காட்டுவாள். பெட்டியை உடைப்பவன் மட்டும் திருடன் இல்லை. சந்தையில், கடையில், இறைச்சிக் கொட்டகையில், மதுக்கடையில், பட்டறையில், எங்கெல்லாம் காசுக்குச் சரக்கோ உழைப்போ கை மாறுகிறதோ அங்கெல்லாம் அயலானை ஏய்ப்பது களவு என்கிறார் மனிதர். பூட்டை உடைக்காமல், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கொள்ளையடிக்கும் கனவான்கள் என்று ஒரு வகையையும் குறிப்பிடுகிறார். அதைப் படிக்கும்போது என் மனைவி என்னைப் பார்க்க மாட்டாள், என் மேசையில் இருக்கும் சீட்டுக் கட்டுகளைப் பார்ப்பாள். (எங்கள் இரண்டு சபைக்கும் களவு ஏழாவது கட்டளைதான். சி.எஸ்.ஐ. நண்பர்களுக்கு எட்டாவது. எண்ணில் சண்டை வேண்டாம்.)

என் பக்கத்திலும் சரக்கு இல்லாமல் இல்லை. அநியாயமாக எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், மன்னிப்புக் கேட்பதோடு கடன் தீராது என்பது கத்தோலிக்கப் போதனை. உரியவரைத் தேட வேண்டும். தேடியும் கிடைக்காவிட்டால் ஏழைகளுக்குப் போக வேண்டும் என்று 13-ம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் எழுதிவைத்திருக்கிறார். இயேசுவைப் பார்க்க ஏறிய வரி வசூல்காரன் சக்கேயு மரத்திலிருந்து இறங்கி, ஏய்த்ததை நாலத்தனை திருப்பித் தருகிறேன் என்றது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஞாயிறு மறைக்கல்வியில் மரம் ஏறுகிற படத்துக்கு வர்ணம் தீட்டச் சொல்கிறோம், நாலத்தனையைக் கணக்குப் போடச் சொல்வதில்லை.

இன்னும் இரண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன், நீட்ட விருப்பமில்லை. எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-ல் வந்தது. எத்தனை பவுன், எந்த வண்டி என்பது கோயில் முழுக்கத் தெரிந்திருக்கும். ஒருவரும் எழுந்து அது தடை என்று சொன்னதை நான் பார்த்ததில்லை. இரண்டாவது, சாதி. 2016-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்ட ஆவணம். 2012-ல் நாயக்கன்கொட்டாயில் தலித் வீடுகள் எரிந்த தருமபுரி மாவட்டத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதைப் படிக்கும்போது, எங்கள் மறைமாவட்டத்தில் அது ஒவ்வொரு பங்கிலும் பிரசங்கமாக வந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. நற்கருணை எல்லோருக்கும் ஒரே பாத்திரத்தில் வருகிறது. சம்பந்தம் பேசும்போது பாத்திரம் பிரிந்துவிடுகிறது.

சரி, மண்டிக்கே வருகிறேன். நான் கணக்கு எழுதுகிற மண்டிகள் பயன்படுத்தும் எடை மேடை ஒன்றில் ஒரு முஸ்லிம் பெரியவர் உட்கார்ந்திருப்பார். யார் வந்து என்ன சொன்னாலும் திரையில் வந்த எண்ணைத்தான் அச்சடிப்பார். ஒருமுறை ஒரு முன்ஷி, அதாவது மண்டிக் கணக்குப்பிள்ளை, இரண்டாவது சீட்டு ஒன்று குறைத்துப் போட்டுத் தரச் சொன்னான். பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மிஷின் ஒரு தடவதான் பேசும் தம்பி" என்றார். நம் விசுவாசம் இல்லாதவர் நம்மைவிட நேராக நிற்கும்போது நமக்குக் கூச்சம் வருகிறது, உடனே அதற்கு ஒரு இறையியல் விளக்கம் தேடுகிறோம். நியாயப்பிரமாணம் இல்லாதவர்களின் இருதயத்தில் அது எழுதப்பட்டிருக்கிறது என்று பவுல் ரோமருக்கு எழுதியதை எடுத்துப் பேசுகிறோம். அந்தப் பெரியவருக்கு விளக்கம் தேவையில்லை. அவர் வேலையைப் பார்க்கிறார், நேரத்துக்குத் தொழப் போகிறார்.

நான் சொல்ல வந்ததே இதுதான்: ஒருவர் எதை நம்புகிறார் என்பதை விசுவாசப் பிரமாணத்தில் தேடாதீர்கள். சீட்டில் பாருங்கள். கடவுள் என் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவார் என்று நம்புகிறவர், மத்தூர் விவசாயியின் 190 கிலோவையும் அதே கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பவில்லை என்றால், அவர் நம்புவது வேறு ஒரு கடவுளை. அந்த 190 கிலோவையும் பார்க்கிற கடவுளை நம்புகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படி ஒருவர் கதையைச் சொல்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம்.

அவர் நடுத்தர மண்டிக்காரர். தவக்காலத் தியானம் ஒன்றுக்குப் போய்வந்த வாரம், மாலை ஏழு மணிக்கு என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு உரச் சாக்கு. அதில் மூன்று சீசன் சீட்டுப் புத்தகங்கள், மேடைச் சீட்டுகள் தனியாக ரப்பர் பேண்டு போட்டு.

"தம்பி, இத உக்காந்து பாக்கணும். எவ்ளோ எடுத்திருக்கோம்னு தெரியணும்."

"எதுக்குங்கண்ணா?"

"திருப்பிக் குடுக்கணும்."

நான் முதலில் வருமான வரி நோட்டீஸ் ஏதோ வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்படி ஒன்றும் இல்லை. உட்கார்ந்தோம். மேடைச் சீட்டை ஒரு பத்தியில், மண்டிச் சீட்டை இன்னொன்றில், நியாயமான கழிவு எவ்வளவு என்று அவரையே சொல்லச் சொல்லி மூன்றாவதில். மிச்சம் நாலாவது பத்தியில் தானாக வந்தது. எக்செல்லில் நாலாவது பத்தி கீழே இறங்க இறங்க அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு வண்டியிலும் சின்ன எண்தான். 60, 85, 110. மூன்று சீசனுக்குக் கூட்டினால் சின்ன எண் இல்லை. நாலத்தனை என்று சக்கேயு பாணியில் போனால் மண்டியையே விற்க வேண்டியிருக்கும் என்றேன். "அசல் முதல்ல" என்றார்.

பணம் கொடுப்பது சுலபம், வாங்க வைப்பதுதான் கஷ்டம் என்று அப்புறம்தான் அவருக்குத் தெரிந்தது. சந்தூரில் ஒட்டுச்செடி நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் ஒரு பெரியவர் கவரைக் கையில் வாங்காமலே கேட்டாராம்: "எந்த எலெக்‌ஷன்ல நிக்கிறீங்க?" போச்சம்பள்ளிப் பக்கம் இன்னொருவர், இது அடுத்த சீசனுக்கு முன்பணம், கையை நீட்டினால் தோப்பு மாட்டிக்கொள்ளும் என்று பயந்து கும்பிட்டு அனுப்பிவிட்டார். மண்டிக்காரர் கவர் கொண்டுவந்தால் அதற்குப் பின்னால் கயிறு இருக்கும் என்பது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. மூன்றாவது ஒரு அம்மா. வீட்டுக்காரர் போன வருஷம் தவறிவிட்டார், தோப்பை இப்போது அந்த அம்மாதான் பார்க்கிறார். கவரைப் பிரித்து இரண்டு தடவை எண்ணினார். சீட்டைக் கேட்டு வாங்கி, வண்டி வாரியாக மகனைப் படிக்கச் சொன்னார். எல்லாம் முடிந்ததும் தலையை ஆட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டாராம்:

"எடை சரிங்க. அப்ப ரேட்டு?"

அதற்கு மண்டிக்காரரிடம் பதில் இல்லை. என்னிடம் வந்து கேட்டார், என்னிடமும் இல்லை. கூழுக்குப் போகும் பெங்களூரா விலையை ஆலைகள் வைப்பதுதான். மண்டிக்காரர் நடுவில் இருப்பவர். ஆலை பணத்தை இழுத்தடிக்கும், இவர் விவசாயியை இழுத்தடிப்பார், விவசாயி காய் பறித்த கூலியாட்களை. கடைசி ஆள் சனிக்கிழமை கூலி இல்லாமல் வீட்டுக்குப் போவான். வேலையாட்களின் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு எழுதினாரே, அது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியிலிருந்து வருகிற சத்தம். ஒரு மண்டிக்காரர் மனம் திரும்பினால் எடை திரும்பும். ரேட்டு திரும்ப எத்தனை பேர் திரும்ப வேண்டும்? தியானம் கொடுத்த சாமியார் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் தியானத்தில் மாங்காயே வரவில்லை.

வீட்டிலும் இது சும்மா போகவில்லை. அவர் மகன், "எல்லா மண்டியிலும் நடக்குறதுதானப்பா, நாம மட்டும் இன்னாத்துக்கு" என்று பிடித்துக்கொண்டான். பழைய முன்ஷி வேறு மண்டிக்குப் போய்விட்டார்; கழிவில் அவருக்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது. இப்போது மேடைச் சீட்டின் நகலை மண்டிச் சீட்டோடு சேர்த்துப் பின் அடித்துத்தான் கொடுக்கிறார்கள். அதனால் சரக்கு குவிந்தது, ஆண்டவர் ஆசீர்வதித்தார் என்று சாட்சி சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. வரவு ஏறக்குறைய முன்பு போலத்தான். லாபம் குறைந்திருக்கிறது, கணக்கு எழுதுகிற எனக்கு அது தெரியும். ஒரே ஒரு மாற்றம்: வண்டியோட்டிகள் சண்டை போடாமல் நிழலில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள்.

கார்பைடும் நின்றுவிட்டதா என்று கேட்பீர்கள். அவர் பழமாக விற்பது கொஞ்சம்தான், ஆனாலும் அந்தக் கல்லைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிப் பெட்டிக்கு நடுவில் வைப்பது அவரிடமும் இருந்தது. பூண்டு வாசனை அடிக்கும், தோல் மஞ்சளாகும், உள்ளே காயாகவே இருக்கும். உணவுப் பாதுகாப்பு விதிகள் அதைத் தடை செய்திருக்கின்றன. எத்திலீன் வாயு வைத்துப் பழுக்க வைக்க அனுமதி உண்டு, ஆனால் அதற்கு அறை கட்ட வேண்டும், செலவு. எடைக்கு அழுத மனிதர் கார்பைடை ஒரு வருஷம் கழித்துத்தான் விட்டார். எடையில் ஏமாந்தவர் முகம் தெரிந்தது, பழம் தின்றவர் முகம் தெரியவில்லை. அயலான் யார் என்ற கேள்வி இன்னும் அங்கேதான் நிற்கிறது.

இப்போது பாக்கி இருப்பது ஒரு தொகை. தரகர் பேரில் வந்த வண்டிகள், பேர் மட்டும் இருந்து ஊர் இல்லாத சீட்டுகள், வாங்க மறுத்தவர்கள், எல்லாம் சேர்ந்து. பங்குப் பேரவையில் யாரோ காதுக்குப் போய், கோபுர வேலைக்குக் கொடுக்கலாமே என்று ஆள் அனுப்பினார்கள். என் மனைவிக்கு வந்ததே கோபம். "விவசாயி காசுல கோபுரமா? அப்புறம் கல்வெட்டுல யார் பேரு போடுவீங்க?" என்று என்னைத்தான் கேட்டாள், நான் என்னவோ பேரவைச் செயலாளர் மாதிரி. அக்குவினாஸ் ஏழைக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றேன். எந்த ஏழைக்கு என்றாள். காய் பறிக்கிற கூலிப் பெண்களுக்கு என்றால் அது கழிவின் பணமா, போனஸா, எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று மண்டிக்காரர் கேட்கிறார். அவர் மகனோ அதைத் திரும்ப வரவு வைத்துவிடலாம், மூன்று வருஷம் ஆச்சு என்கிறான்.

எனவே டேலியில் அது சஸ்பென்ஸ் கணக்கில் கிடக்கிறது. எந்தத் தலைப்பு என்று தெரியாத பணத்தை நாங்கள் போட்டுவைக்கும் இடம் அது. மார்ச் 31-க்குள் அதை ஒரு தலைப்பில் முடித்தாக வேண்டும் என்று ஆடிட்டர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். அந்தச் சந்தூர்ப் பெரியவரிடம் நானே ஒருமுறை போய் எலெக்‌ஷன் ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.